பரண்மேல் இருக்கும் பண்டிகை

தேரிக்காட்டு ஊர்களிலும் முத்துக்குளித்துறைக் கடலோரத்து ஊர்களிலும் ஆலயங்களுக்குக் குடில் கட்டி, நட்சத்திரம் தூக்கி, கீத பவனி செல்லும் வாலிபர் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

கிறிஸ்துவின் வருகைக்கு ஆயத்தப்படும் நான்கு ஞாயிறுகளில் முதலாவது கடந்துவிட்டது. இந்நேரம் உங்கள் சங்கங்களில் கூட்டம் கூடி, கீத பவனியை எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிப்பது, தாத்தா வேடம் யாருக்கு, மின்விளக்குக்குப் பொறுப்பு யார் என்பனவெல்லாம் நிச்சயமாகி, ‘அலங்காரம் வகைக்கு’ என்று ஒரு தொகையும் நோட்டுப் புத்தகத்தில் ஏறியிருக்கும். அந்தத் தொகை பெரிதா சிறிதா என்பதைப் பற்றி எனக்கு யாதொரு வழக்கும் இல்லை. பாலன் பிறப்பைக் கொண்டாடுவதற்குக் காசு எண்ணிப் பார்க்கிறவன் பண்டிகையின் சுபாவத்தையே அறியாதவன். என் விண்ணப்பம் வேறு. கடைத்தெருவில் வாங்கிக் கட்டிய ஜிகினாச் சரங்களும் தெர்மாகோல் எழுத்துகளும் மினுக்குத்தாள் குஞ்சங்களும், ஜனவரி 6ஆம் தேதி மூவரசர் திருநாள் கழிந்த மறுநாளே ஆலயத்துப் பின்சுவரருகே குவிக்கப்பட்டு, பாதி எரிந்தும் பாதி எரியாமலும் கிடந்து, பின்பு பனங்காட்டுக் காற்றில் பறந்துபோய் உடைமுள் வேலிகளில் தொங்குகின்றனவே, அந்தப் பழக்கத்தை இவ்வருஷத்தோடு நிறுத்திக்கொள்ளலாகாதா என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பண்டங்கள் சிலவற்றை நம் மாநில அரசு 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தடைசெய்திருப்பதையும், உதிரியாக விற்கப்படும் பிளாஸ்டிக் மினுக்குத்தூளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கட்டுப்பாடு விதித்ததையும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஆகையால் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதோ குப்பையைக் காட்டிப் பயமுறுத்துவதோ என் நோக்கமன்று. பரண்மேல் இருந்த பழைய பெட்டியை இறக்கி, தூசி தட்டி, சென்ற வருஷத்தை மறுபடியும் கையில் எடுப்பதிலேதான் பண்டிகையின் ரசம் இருக்கிறது; புதிதாய் வாங்குவதில் அதில் பாதிகூட இல்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவே.

குடில் கட்டும் வழக்கத்துக்கு மூலபுருஷரென்று போற்றப்படும் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் முனிவர், 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த இரவிலே, இத்தாலி தேசத்துக் கிரேச்சோ என்னும் மலையூரில் பெத்லகேமின் காட்சியை ஜனங்களுக்குப் பிரத்தியட்சமாய்க் காட்ட எண்ணியபோது, சொரூபம் ஒன்றையும் விலைகொடுத்து வாங்கவில்லை. அவ்வூர்ப் பிரபு ஒருவரிடம் சொல்லி, ஒரு முன்னணையும் கொஞ்சம் வைக்கோலும், ஒரு மாட்டையும் ஒரு கழுதையையும் கொண்டுவரச் செய்தார். உழவர் வீட்டுத் தொழுவத்தில் தினந்தோறும் இருப்பவையே அன்றிரவு அலங்காரமாயின. அம்முனிவருடைய சரித்திரத்தை முதன்முதல் எழுதிய செலானோ ஊர்த் தோமா என்பவர், அந்த முன்னணையில் இட்ட வைக்கோலை ஊரார் பத்திரப்படுத்தி வைத்தார்களென்றும், பிணியுற்ற கால்நடைகளுக்கு அது ஔஷதமாயிற்றென்றும் குறித்து வைத்திருக்கிறார். அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். முதல் குடில் கலைக்கப்பட்ட காலத்திலேயே அதன் வைக்கோலைக்கூட எறிந்துவிட மனம் வராத ஜனங்கள் இருந்தார்கள் என்பது மட்டும் என் கட்சிக்குப் போதும்.

நம் ஊர் நட்சத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கிலைப் பிளந்து சீவிய சிம்புகளால் ஐந்து முனை கொண்ட சட்டங்கள் இரண்டு கட்டி, அவற்றை முதுகோடு முதுகாய்ச் சேர்த்து முனைகளை இறுக்கி, உள்மூலைகளில் சாண் நீளக் குச்சிகளை முட்டுக்கொடுத்து வயிற்றை உப்பச் செய்து, மைதாவைக் காய்ச்சிப் பூச்சி அரிக்காமலிருக்கச் சிறிது மயில்துத்தமும் கலந்த பசையினால் வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்து, நெடிய கம்பத்தின் உச்சியில் கப்பி மாட்டிக் கயிற்றால் ஏற்றிய நட்சத்திரங்களை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வர்ணிக்கக் கேட்டிருப்பீர்கள். வாடைக்காற்றும் மார்கழிப் பனியும் சில சமயம் பின்தங்கிவந்த மழையும் அந்தக் காகிதத்தை ஒரு வருஷத்துக்குமேல் விட்டுவைப்பதில்லை. ஆனால் சட்டம் மாத்திரம் தலைமுறை கண்டது. பண்டிகை முடிந்ததும் கிழிந்த தாளைப் பிய்த்துவிட்டுச் சட்டத்தை உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். மறுவருஷம் அதை இறக்கியதும் முதலில் பழைய பசையின் தழும்புகள் தெரியும். சென்ற வருஷம் சிவப்பு, அதற்கு முந்தின வருஷம் பச்சை என்று பிள்ளைகள் அதைப் பார்த்தே சொல்லுவார்கள். இன்று கடையில் மடித்து விற்கும் அட்டை நட்சத்திரம் ஒரு நல்ல மழையைத் தாங்காது. தாங்கினாலும் அதற்கு ஞாபகம் என்று ஒன்று இல்லை. பழைய பருத்திச் சேலையையோ வேஷ்டியையோ கஞ்சிபோட்டு அந்த மூங்கில் சட்டத்தில் இழுத்துத் தைத்துப் பாருங்கள். பல வருஷம் உழைக்கும், ஒளியும் கண்ணைக் குத்தாமல் இறங்கும். யாருடைய பாட்டியின் சேலை ஆலயக் கம்பத்தில் ஒளிவிடுகிறது என்ற சர்ச்சை வேறு ஊரிலே கிளம்பும். அதுவும் பண்டிகையின் ஒரு பாகந்தான்.

ஜெர்மனி தேசத்திலும் இவ்வாறே ஒன்று நடந்திருக்கிறது. நீஸ்கி என்னும் ஊரில் மொரேவியச் சபையார் நடத்திய விடுதிப் பள்ளியிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், க்ஷேத்திர கணித பாடத்துக்கென்று மாணவர்கள் காகிதக் கூம்புகளை ஒட்டி ஒரு நட்சத்திரம் செய்தார்கள். அப்பிள்ளைகளில் பலருடைய பெற்றோர் கடல்கடந்த தேசங்களில் ஊழியம் செய்துவந்தவர்கள். அதே சபையாரில் சிலர் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறியிருந்தார்கள். வருஷந்தோறும் வருகைக்காலத்து முதல் ஞாயிறன்று நட்சத்திரத்தை உட்கார்ந்து செய்வதே விடுதிப் பிள்ளைகளுக்கு வீட்டைப் பிரிந்த ஏக்கத்தை ஆற்றும் ஒரு சடங்காயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் ஹெர்ன்ஹுட் ஊர் வியாபாரி ஒருவர் அதைக் கழற்றி மாட்டத் தக்கதாய் அமைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றும் அங்கத்து வீடுகளில் அதன் கூம்புகளைத் தனித்தனியே கழற்றிப் பெட்டியில் அடுக்கிவைத்து, மறுவருஷம் குடும்பத்தார் கூடியிருந்து பூட்டுகிறார்கள். விலைக்கு வாங்கிய பொருளிலும் கூடியிருந்து செய்யும் வேலையை மிச்சம் வைத்த அந்த யுக்தியை நான் மெச்சுகிறேன்.

குடிலைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. அவ்விஷயத்தில் கடலோரத்து ஊர்களின் கைவேலைக்கு நிகரே கிடையாது. சிமெண்டு வந்த தடித்த காகிதப் பைகளைக் கசக்கிக் கரியும் சுண்ணாம்பும் பூசி மலையாக்குவதும், பத்து நாள் முன்னதாகவே கேழ்வரகையோ வெந்தயத்தையோ தட்டுகளில் முளைபோட்டு, முளைப்பாரி வளர்ப்பதுபோல் நீர் தெளித்து, பெத்லகேமின் புல்வெளிக்குச் சரியான பருவத்தில் கொண்டுவந்து சேர்ப்பதும் உங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. சொரூபங்களைப் பற்றி மாத்திரம் ஒரு வார்த்தை. காது உடைந்த கழுதைக்காகவும் விரல் போன இடையனுக்காகவும் முழுச் செட்டையே மாற்றிவிடும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. பாரிஸ் சாந்து கொஞ்சமும் வர்ணக்குப்பி ஒன்றும் இருந்தால் உங்களில் படம் வரையத் தெரிந்தவர் ஒரு மாலைப்பொழுதில் செப்பனிட்டுவிடுவார். செப்பனிட்ட தழும்பு தெரிந்தால்தான் என்ன? நவராத்திரிக் கொலு வைக்கும் வீடுகளைப் பாருங்கள். பாட்டியம்மாள் சீராகக் கொண்டுவந்த மூக்குடைந்த செட்டியார் பொம்மையை அவர்கள் எறிவதில்லை. பழந்துணியில் சுற்றிப் பரணேற்றி வைத்து, அடுத்த வருஷம் அதன் பக்கத்தில் புதிதாய் ஒன்றே ஒன்றை வாங்கிச் சேர்க்கிறார்கள். பழையது அத்தனையும் இருக்கப் புதியது ஒன்று வந்து சேரும் அந்த ஏற்பாட்டைவிட விவேகமானதை நான் கண்டதில்லை. நம் அயல்வீட்டிலேயே இருக்கும் வழக்கத்தைக் கற்றுக்கொள்வதில் நமக்கு வெட்கமும் இல்லை.

வெயிலுகந்த நம் சீமையில் பஞ்சைப் பிய்த்து மரத்தின்மேல் பனியென்று தூவுவதைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு உண்டு. ஆனால் பஞ்சுப் பனியை நான் எதிர்ப்பவனல்லன். பஞ்சை மறுவருஷமும் எடுத்துவைக்கலாம், தலையணைக்கும் ஆகும். தெர்மாகோல் மணிகளை நொறுக்கித் தூவுகிறார்களே, அதைத்தான் வேண்டாமென்கிறேன்: ஆலயத்து முற்றத்தில் பங்குனி மாதம்வரை பெருக்கினாலும் தீராத பனி அது. மரத்துக்குச் சவுக்குக் கிளை இருக்கிறது, கடலோரமெங்கும் வளர்கிறது, உலர்ந்தபின் அடுப்புக்கும் உதவுகிறது. ஏற்கெனவே பிளாஸ்டிக் மரம் வாங்கி வைத்திருக்கும் சபையார், ‘சவுக்கே சிலாக்கியம்’ என்று அதைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். அதற்கு மட்கும் குணம் இல்லை. ஆகவே அதன் ஊசியிலைகள் உதிரும்வரை எத்தனை வருஷம் கண்ணியமாய் நிறுத்த முடியுமோ அத்தனை வருஷம் நிறுத்துவதே நியாயம்.

சீரியல் விளக்கு அணைந்துவிட்டால் உடனே புதிது வாங்குகிறீர்கள். முற்காலத்துச் சரங்களில் ஒரு பல்பின் இழை அறுந்தால் சரம் முழுவதும் இருண்டுவிடும். நல்ல பல்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழியிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் பொறுமை ஊருக்கு ஒருவருக்காவது இருந்தது. இப்போதைய எல்.இ.டி. சரத்தில் பழுது பெரும்பாலும் செருகியின் கழுத்திலோ, மினுக்கும் வேகத்தை மாற்றும் சிறு பெட்டியின் பற்றவைப்பிலோதான் இருக்கும். ஐ.டி.ஐ. படித்த ஒருவர்கூட இல்லாத வாலிபர் சங்கம் நம் பக்கத்தில் உண்டோ?

பரண்மேல் இருப்பவை அலங்காரங்கள் மட்டுமல்ல. அங்கே ஒரு மூலையில், பழைய பிஸ்கட் தகரத்துக்குள், துணிசுற்றிய அச்சு முறுக்கு அச்சு இருக்கிறதா என்று உங்கள் தாய்மார்களைக் கேளுங்கள். நாலைந்து வீடுகளில் விசாரித்தால் ஒரு வீட்டில் நிச்சயம் கிடைக்கும். ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் எள்ளும் சேர்த்துக் கரைத்து, காய்ந்த எண்ணெயில் அச்சை மூழ்கவைத்துச் சூடேற்றி, பிறகு அதை மாவில் முக்கால் பங்கு மாத்திரம் தோய்த்து (விளிம்பு மூழ்கிவிட்டால் முறுக்கு அச்சைவிட்டு இறங்காது), மறுபடி எண்ணெயில் இட்டு லேசாய் உதற, பூவிதழ் பூவிதழாய்க் கழன்று மிதக்கும் அந்தப் பண்டத்தை, முழுப் பொறுமையும் வேண்டும் வேலை என்பதால் பேக்கரிக்கு விட்டுவிட்டோம். சுவீடன் முதலிய வடதேசங்களிலும் இதே மாதிரி அச்சினால் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் சுடுகிறார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நான் இதை எடுத்துச் சொல்வதற்குக் காரணம், புதிய அச்சில் மாவு ஒட்டிக்கொண்டு பிராணனை வாங்கும், எண்ணெய் ஏறிப் பழகிய அச்சோ தொட்டமாத்திரத்தில் விட்டுக்கொடுக்கும் என்பதே. பழையதே மேல் என்ற என் வாதத்துக்கு இதைவிடச் சிறந்த சாட்சியை நீதிமன்றத்திலும் நிறுத்த முடியாது.

நாகர்கோவில் பக்கத்து முந்திரிக்கொத்தும் அவ்வாறே கூட்டுவேலையைக் கேட்பது. சிறுபயற்றை வாசனை வர வறுத்து, கரகரப்பாய்த் திரித்து, சிவக்க வறுத்த தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலமும் சுக்கும் சேர்த்துக் கருப்பட்டிப் பாகில் கிளறி, சூடு ஆறுமுன் உருட்ட வேண்டும். உருட்டுகிற கைகள் குறைந்தால் பாகு இறுகிப்போய்விடும். ஆகையால்தான் அண்டைவீட்டார், பெரியம்மா சின்னம்மா மக்கள் எல்லாரும் ஒரு வீட்டில் கூடினார்கள். உருண்டைகளை உலரவைத்து, மறுநாள் மஞ்சள் கலந்த மாவில் தோய்த்து மும்மூன்றாய்ச் சேர்த்துப் பொரித்தெடுத்தால் பல நாள் கெடாது. தூத்துக்குடி மக்ரூனை வீட்டில் செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். முட்டை வெண்கருவை அடித்து, சீனியும் முந்திரிப் பருப்புத் தூளும் கலந்து, கூம்பு கூம்பாய்ப் பிழிந்து, இளஞ்சூட்டில் நெடுநேரம் உலர்த்தும் அந்த வித்தை அடுப்புக்காரர்களுக்கே உரியது. நம் ஊர்களின் காற்றில் சிறிது நேரம் திறந்து வைத்தாலும் நமுத்துவிடும் சுகுமாரம் அதற்கு. முதலூர் மஸ்கோத் அல்வாவையும் அவ்வாறே முதலூராரிடம் விட்டுவிடலாம். 1799இல் ஏற்பட்ட அந்தக் கிராமம், கிறிஸ்தவர்களுக்கென்று இச்சீமையில் முதன்முதல் உண்டான ஊர் என்பதைவிடத் தன் அல்வாவினாலேயே இப்போது வெளியூராருக்கு அறிமுகமாகிறது. தேங்காய்ப்பாலின் மகிமை அப்படி.

கேக்கை நான் மறந்துவிடவில்லை. வடகேரளத்துத் தலச்சேரியில் 1883இல் மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர், வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவர் காட்டிய மாதிரியைப் பார்த்துத் தம் கைப்பாங்கில் செய்துகொடுத்த கேக்கே இத்தேசத்தாரில் ஒருவர் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்லுவார்கள். அது இங்கே வந்து நம்முடையதாகிவிட்டது. பச்சைப் பப்பாளிக்காயைச் சீனியில் ஊறவைத்துச் சாயமேற்றிய டூட்டி புரூட்டி இல்லாமல் நம்மவருக்குக் கேக்கே இறங்காது. அதன்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பிளாஸ்டிக் மூடிபோட்ட பெட்டியில் கேக்கைக் கொடுத்துவிட்டு வருவதற்கும், வீட்டில் சுட்ட பலகாரத்தைப் பனையோலைப் பெட்டியில் வைத்து அயல்வீட்டாருக்குக் கொடுத்தனுப்புவதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே யோசித்துப் பாருங்கள். தீபாவளிக்கு அவர்கள் வீட்டிலிருந்து அதிரசம் வந்த பாத்திரம் உங்கள் வீட்டிலே காத்திருக்கிறது. பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பிக் கொடுப்பது நம் பக்கத்து மரியாதையன்று. பெட்டியும் பாத்திரமும் இவ்வாறு போய்வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு தெருவிலுள்ள இந்துக்களும் முகமதியரும் கிறிஸ்தவர்களும் ஒருவர் பண்டிகையை ஒருவர் வாயினால் அறிந்திருந்தார்கள். எறிந்துவிடும் பெட்டி திரும்பி வர வேண்டியதில்லை; திரும்பி வர வேண்டியதில்லாததால் மறுபடி வாசற்படி மிதிக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போய்விடுகிறது.

ஓலை என்றதும் வேறொன்றும் சொல்லத் தோன்றுகிறது. குருத்தோலை ஞாயிறன்று கையிலேந்திவந்த ஓலையைச் சிலுவையாய் மடித்து வீட்டுச் சுவரில் செருகிவைத்து, மறுவருஷம் சாம்பற்புதனுக்கு முன் அதை ஆலயத்துக்குத் திருப்பிக் கொடுத்து, அதை எரித்த சாம்பலையே நெற்றியில் பூசிக்கொள்ளும் ஆசாரம் நம் கத்தோலிக்கச் சகோதரரிடம் இன்றும் இருக்கிறது. வருஷம் முழுவதும் வைத்திருந்து மறு உபயோகத்துக்குக் கொடுப்பதைத் திருச்சபையே ஒரு சடங்காக வைத்திருக்கையில், கிறிஸ்துமஸ் ஒன்றுதான் இருபது நாளில் எல்லாவற்றையும் தீயிட்டுவிட வேண்டுமென்று யார் விதித்தது?

‘வருஷாவருஷம் ஒரே நட்சத்திரம், ஒரே குடில் என்றால் ஜனங்களுக்குச் சலிக்காதா? பக்கத்து ஊர்ச் சபையார் பரிகசிக்கமாட்டார்களா?’ என்று உங்களில் சிலர் ஆட்சேபிக்கக்கூடும். நியாயமான கேள்வியே. வாலிபருக்குப் புதுமை வேண்டாமென்று சொல்லும் கிழவனின் பேச்சை நானே கேட்கமாட்டேன். ஆனால் விடியற்காலை ஆராதனையில் பாடும் கீர்த்தனைகளை மாற்றினால் சபையார் சும்மா விடுவார்களா? நாலு மணி மணியோசையில் எழுந்து, பனியில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு வந்து, அதே பாட்டை அதே ராகத்தில் பாடுவதற்காகச் சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், குடிலில் மட்டும் பழைய கழுதையைக் கண்டு முகஞ்சுளிப்பார்களென்று நான் நினைக்கவில்லை. ‘அட, இது நான் வர்ணம் அடித்தது’ என்று அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்ட ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்க வேண்டாமா? புதுமைக்கு இடம் வேண்டுமானால், கொலுவைப்போல் வருஷத்துக்கு ஒன்று சேருங்கள். அந்த ஒன்றையும் கூடியமட்டும் கையாலேயே செய்யுங்கள். பரிகசிக்கும் பக்கத்து ஊராரோடு சொரூபங்களையும் திரைச்சீலைகளையும் ஒரு வருஷத்துக்கு மாற்றிக்கொண்டால் இரண்டு ஊருக்கும் செலவின்றிப் புதுமை கிடைக்கும். பரிகாசமும் பாதியாய்க் குறையும்.

ஆகவே இவ்வருஷம் அலங்காரக் கணக்கிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, முதலில் மூடியுள்ள பெரிய தகரப்பெட்டி இரண்டு வாங்குங்கள்: ஒன்று சொரூபங்களுக்கு, மற்றது விளக்குச் சரங்களுக்கும் துணிகளுக்கும். சரங்களை அட்டைத்துண்டில் சுற்றிவைத்தால் சிக்கு விழாது. துணிகளை நன்றாய் வெயிலில் காயவைத்து, வசம்புத் துண்டும் உலர்ந்த வேப்பிலையும் போட்டு மடியுங்கள். என்னென்ன உள்ளே இருக்கிறது, எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டுங்கள். எழுதியவர் பெயரையும் வருஷத்தையும் கீழே குறிக்கத் தவறாதீர்கள். பெட்டியை மணிக்கூண்டின் கீழறையில் வைப்பது உசிதமன்று. அங்கே ஈரமும் வௌவால் எச்சமும் அதிகம். ஆலயத்தின் மேற்கு அறையில் பழைய ஆர்மோனியம் கிடக்கும் அலமாரிக்கு மேலே இடம் இருக்கிறதென்றால் அதுவே தகும். சாவி கோயில்பிள்ளை வசம் இருக்கட்டும். சங்கத்தின் காரியதரிசிமார் வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார்கள், அவர் மாறமாட்டார்.

இங்ஙனம்,
உங்கள் க்ஷேமத்தை நாடும்
பழைய சபையார் ஒருவர்